ஒரே வாய்க்காலின் பங்காளிகள்

கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ‘டைஜெஸ்ட்’ என்னும் பெரிய ரோமானியச் சட்டத் தொகுப்பில், 43ஆம் புத்தகத்தின் 20ஆம் தலைப்பு தண்ணீரைப் பற்றியது. அதில் பெரும்பகுதி, 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உல்பியன் என்ற சட்ட அறிஞர் எழுதியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது. தண்ணீர்த் தகராறு வரும்போது பிரேட்டர் என்ற நீதி அதிகாரி என்ன ஆணை பிறப்பிக்கலாம் என்று விளக்கிக்கொண்டே வரும் உல்பியன், ஓரிடத்தில் ‘ரிவாலேஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டு, அது யாரைக் குறிக்கிறது என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறார்: ஒரே வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள். இலத்தீனில் ‘ரிவுஸ்’ என்றால் வாய்க்கால், சிற்றோடை. ‘ரிவாலிஸ்’ என்றால் அந்த வாய்க்காலைச் சேர்ந்தவர். பன்மையில் ‘ரிவாலேஸ்’. இந்தச் சொல்தான் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் போய் ‘ரைவல்’ ஆயிற்று. இன்று அதைக் கேட்டதும் எதிரெதிர் அணிகளும், ஒன்றையொன்று வீழ்த்தப் பார்க்கும் நிறுவனங்களும், ஒரே பதவிக்கு மோதும் இரு தலைவர்களுமே மனத்தில் எழுகிறார்கள். உல்பியன் காட்டும் மனிதர்களோ பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள். அவர்களுக்குள் சண்டை வரும். ஆனால் சண்டை வருவதற்கு முன்பே அவர்களுக்குள் ஓர் உறவு இருந்தாக வேண்டும். தமிழில் ‘பங்காளி’ என்ற சொல் எப்படிப் பங்கையும் சண்டையையும் சேர்த்தே நினைவூட்டுகிறதோ, ‘ரிவாலிஸ்’ என்பதும் அந்த வகைச் சொல்தான். அந்தப் பங்கு எப்போது, ஏன் அச்சொல்லிலிருந்து உதிர்ந்து வெறும் மோதல் மட்டும் மிஞ்சியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சொல்லுக்குள் நிகழ்ந்த மாற்றத்துக்குக் காரணம், மனிதர்கள் எதைப் பங்கு கேட்டார்கள் என்பதில் ஏற்பட்ட மாற்றம் என்பது என் வாதம்.

முதலில் பரவலாக இருக்கும் ஒரு தவறான விளக்கத்தைத் தள்ளிவிட வேண்டும். ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே வாழ்ந்தவர்கள் தண்ணீருக்காக அடித்துக்கொண்டார்கள், அதனால் ‘ரைவல்’ என்ற சொல் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆற்றுக்கு ஆங்கிலத்தில் ‘ரிவர்’ என்று பெயர் இருப்பது இந்தக் கதைக்கு வலுச்சேர்ப்பதுபோலத் தோன்றும். ஆனால் ‘ரிவர்’ வேறு வேரிலிருந்து வந்தது. இலத்தீனில் ஆற்றுக்குப் பெயர் ‘ஃப்ளூமென்’, கரைக்குப் பெயர் ‘ரிப்பா’. இந்த ‘ரிப்பா’விலிருந்து கரையோரம் என்ற பொருளில் பிறந்த சொல்லே பழைய பிரெஞ்சு வழியாக ‘ரிவர்’ ஆனது. கரையை அடைதல் என்ற பொருளில் தொடங்கிய ‘அரைவ்’ என்ற வினைச்சொல்லும் அதன் பிள்ளையே. ‘ரிவுஸ்’ பெற்ற பிள்ளைகள் ‘ரைவல்’, ‘டெரைவ்’ போன்றவை. பின்னது, வாய்க்காலிலிருந்து நீரைப் பிரித்துக் கொண்டுபோதல் என்ற பொருளில் பிறந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெறுதல் என்ற பொதுப் பொருளுக்கு வந்து சேர்ந்தது. இந்த வேறுபாடு அகராதிக்காரர்களின் நுணுக்கம் மட்டுமன்று. ஆறு யாரும் வெட்டாமலே ஓடும். அதன் இரு கரைகளிலும் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் அறியாமலே இருந்துவிடலாம். வாய்க்கால் அப்படி இல்லை. ‘ரிவுஸ்’ என்றால் நீர் ஓடுவதற்காக நீளவாக்கில் தாழ்ந்திருக்கும் இடம் என்று உல்பியன் விளக்குகிறார். பாசனத்துக்கான அந்தத் தாழ்வை யாரோ வெட்ட வேண்டும், தூர்வார வேண்டும், அடுத்தவர் நிலத்தின் ஊடாகக் கொண்டுபோக அவரிடம் உரிமை பெற வேண்டும். எதிர்க்கரைக்காரன் அந்நியனாக இருக்கலாம். ஒரே வாய்க்காலில் பாய்ச்சுகிறவன் அந்நியனாக இருக்க முடியாது.

அந்த உறவு எப்படி நடந்தது என்பதற்குச் சான்றுகள் நிறைய உண்டு, அவை பேரரசின் பல மூலைகளிலிருந்து வருகின்றன. ஒரே வழியாகத் தண்ணீர் கொண்டுபோகும் உரிமையைப் பலருக்குத் தரலாம், வெவ்வேறு நாள்களிலோ வெவ்வேறு மணிகளிலோ தரலாம், தண்ணீர் போதுமானால் ஒரே நாளில் ஒரே மணியில்கூடத் தரலாம் என்று நெராசியுஸ் என்ற சட்ட அறிஞர் எழுதியது டைஜெஸ்டின் 8ஆம் புத்தகத்தில் இருக்கிறது. நம் ஊர்களில் முறைத்தண்ணீர் என்று சொல்வது இதைத்தான். இன்றைய துனீசியாவின் காபெஸ், அன்று தகாபே. அந்தப் பாலைவனச் சோலையில் ஊற்று நீர் ஊராருக்குக் குறிப்பிட்ட மணிக்கணக்கில் பகிரப்படுகிறது என்று 1ஆம் நூற்றாண்டில் மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்றில் பதிந்திருக்கிறார். அல்ஜீரியாவில் பழைய லமாஸ்பா ஊரில் கிடைத்த கல்வெட்டு இன்னும் துல்லியமானது. கி.பி. 218க்கும் 222க்கும் இடையில் எலகபாலுஸ் பேரரசராக இருந்தபோது வெட்டப்பட்ட அந்தக் கல்லில், ‘கிளாடியனா’ என்ற பெயருடைய நீரில் யார் யாருக்கு எந்த நாளில் எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிவரை பாய்ச்ச உரிமை என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறது. ரோமானியர்களின் மணி சூரியனைப் பின்பற்றியது. கோடையில் பகல் மணி நீண்டது, குளிர்காலத்தில் குறுகியது. ஆகவே மணி என்பது தண்ணீரின் அளவுக்கான உறுதியைவிட, எனக்குப் பின் நீ, உனக்குப் பின் அவன் என்ற வரிசைக்கான உறுதியாகவே இருந்தது. கல்லில் வெட்டி ஊர் நடுவே நிறுத்துமளவுக்கு அந்த வரிசை முக்கியமாக இருந்திருக்கிறது என்றால், அது அடிக்கடி கேள்விக்குள்ளாயிற்று என்றும் கொள்ளலாம். யாரும் மீறாத முறையைக் கல்லில் வெட்டவேண்டிய தேவை இல்லை.

ரோம் நகரின் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. அதில் வரலாறு நன்கறிந்த ஒரு மனிதர் வருகிறார். நகரின் தென்கிழக்கே டஸ்குலம் மலைப்பகுதியில் கிராப்ரா என்ற நீரோடை இருந்தது. அக்ரிப்பா என்பவர் ரோம் நகருக்குப் பெருங்குழாய்களில் நீர் கொண்டுவந்தபோது இந்த ஓடையைத் தொடாமல் டஸ்குலத்து நிலக்காரர்களுக்கே விட்டுவிட்டார் என்றும், அவர்கள் அதை நாள் முறை வைத்து அளவு குறித்துப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றும், கி.பி. 97இல் நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்ற ஃபுரோன்டினுஸ் எழுதுகிறார். அவருக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பு, அந்த மலையில் தோட்டமாளிகை வைத்திருந்தவர்களில் ஒருவர் சிசெரோ. கி.மு. 63இல் நிலப்பங்கீட்டுச் சட்டத்தை எதிர்த்துப் பேசியபோது, கிராப்ரா நீருக்காகத் தாம் டஸ்குலத்தாருக்குக் கட்டணம் கட்டிவருவதை அவர் ஓர் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். அதாவது ரோமானியப் பேச்சுக்கலையின் தலைமகன், சொல்லின் நேர்ப்பொருளில் ஒரு ‘ரிவாலிஸ்’. ஒன்பது ஆண்டுகள் கழித்து, கி.மு. 54இல், தம்பி குயின்டுஸுக்கு எழுதிய கடிதத்தில் இதே சொல்லை அவர் உருவகமாகக் கையாள்கிறார். தற்பெருமை கொண்ட ஓர் அரசியல்வாதியைப் பற்றிப் பேசுகையில், தன்மேல் தனக்குள்ள காதலில் அம்மனிதருக்கு ‘ரிவாலிஸ்’ யாருமில்லை என்கிறார். அந்தக் காதலில் பங்குகேட்டு எவரும் வரப்போவதில்லை என்பது கருத்து. தண்ணீர்ப் பொருளும் காதல் பொருளும் ஒரே காலத்தில், ஒரே மனிதரின் வாழ்க்கைக்கு எட்டும் தொலைவில் இருந்தன.

பங்கு என்றால் உரிமை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது, உழைப்பும் பங்குதான். இதற்கு ஸ்பெயினின் எப்ரோ பள்ளத்தாக்கில் கிடைத்த இரண்டு வெண்கலப் பட்டயங்கள் நல்ல சான்று. சரகோசா நகருக்குப் பக்கத்தில் போத்தோரித்தாவில் 1979இல் கிடைத்த பட்டயம் கி.மு. 87ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சல்லுயி ஊரார் வாய்க்கால் வெட்டுவதற்காக சொசினெஸ்தா ஊராரிடம் நிலம் வாங்குகிறார்கள். அலாவோன் ஊரார் தடுக்கிறார்கள். மூன்று தரப்பிலும் சேராத கொன்ட்ரெபியா ஊரின் சபை வழக்கைக் கேட்டு, வாய்க்கால் வெட்டலாம் என்று தீர்ப்புச் சொல்கிறது. ரோமானிய ஆளுநர் வலேரியுஸ் ஃப்ளாக்குஸ் அந்தத் தீர்ப்பு நடவடிக்கைக்கு அதிகாரம் அளித்திருக்கிறார். உள்ளூர் ஊர்களுக்குள் எழுந்த வாய்க்கால் தகராறு, இலத்தீன் மொழியில், ரோமானியச் சட்ட வாய்பாட்டில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது பட்டயம் அகோன் என்ற ஊரில் 1993இல் கிடைத்தது. பேரரசர் ஹேட்ரியன் காலத்தது. எப்ரோ ஆற்றிலிருந்து பிரிந்த ஒரு வாய்க்காலை நம்பியிருந்த பல சிற்றூர்களுக்கான விதிமுறை அது. வாய்க்காலை யார் யார் தூர்வார வேண்டும், அதற்கு யார் ஆள் கூட்ட வேண்டும், வராதவருக்கும் கடமை தவறிய பொறுப்பாளருக்கும் என்ன அபராதம் என்பதே அதன் பேச்சு. தண்ணீர் உரிமை எவ்வளவோ அவ்வளவு வேலை என்பது அதன் அடிப்படை. குடிமராமத்து என்ற பழைய வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. வாய்க்கால் என்பது ஒருமுறை வெட்டிவிட்டுப் போகிற பொருள் அன்று. வண்டல் ஆண்டுதோறும் வரும். சேர்ந்து தூர்வாராவிட்டால் பங்குபோட எதுவும் இருக்காது. மண்வெட்டியோடு ஒரே நாளில் ஒரே வாய்க்காலில் இறங்குகிறவர்கள்தான் அடுத்த மாதம் ஒரே மடைக்காகத் தகராறு செய்கிறார்கள்.

இனி உல்பியனின் அந்த இடத்துக்குத் திரும்பலாம், ஏனெனில் என் வாதத்துக்கு மிக வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது. ரோமானியச் சட்டத்தில் பிரேட்டரின் தடையாணை வழக்கமாக ஒருபக்க ஆணை. ஒருவர் வாதி, மற்றவர் பிரதிவாதி. பிரதிவாதியைப் பார்த்து இதைச் செய்யாதே என்று ஆணை. தண்ணீரைப் பொறுத்தவரை அந்த ஆணையின் சாரம் இது: இந்த ஆண்டு நீ பலவந்தமின்றி, திருட்டுத்தனமின்றி, எதிராளியின் தயவில் இரந்து பெற்றதாக இன்றி தண்ணீர் கொண்டுபோயிருந்தால், தொடர்ந்து கொண்டுபோவதை அவன் பலவந்தமாகத் தடுக்கக் கூடாது. ஆனால் வழக்காடுகிற இருவரும் ‘ரிவாலேஸ்’ ஆக இருந்து, இருவருமே தண்ணீர்ப் பயன் தமக்குரியது என்று வாதிட்டால், ஆணை இரட்டையாகிறது. அது இருவருக்கும் கிடைக்கும் என்கிறார் உல்பியன். இருவரும் ஒரே நேரத்தில் வாதியும் பிரதிவாதியும் ஆகிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைத் தடுக்கக் கேட்கலாம், ஒவ்வொருவரையும் சட்டம் தடுக்கவும் செய்யும். சட்டம் இவர்களில் ஒருவரை உடையவர் என்றும் மற்றவரை அத்துமீறியவர் என்றும் முன்கூட்டியே பிரிக்க மறுக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் இருவரும் அதே வாய்க்காலில்தான் பாய்ச்சப்போகிறார்கள் என்ற அறிவு அந்த மறுப்புக்குள் இருக்கிறது. இதற்கு அடுத்த தலைப்பில் வரும் ஆணை, வாய்க்காலைச் செப்பனிடுவதையும் துப்புரவு செய்வதையும் யாரும் தடுக்கக் கூடாது என்கிறது. சண்டை எவ்வளவு முற்றினாலும் தூர்வாரும் வேலை நிற்கக் கூடாது. பகைவர்களுக்கு எழுதிய சட்டமாக இதைப் படிக்க முடியாது. பங்கைப் பிரித்துக்கொள்ள முடியாமல் ஒன்றாகக் கட்டுண்டு கிடப்பவர்களுக்கு எழுதிய சட்டம் இது.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. உல்பியன் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். காதலில் போட்டியாளர் என்ற பொருளில் இந்தச் சொல் அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பிளாட்டுஸின் நாடகங்களில் வந்துவிட்டது. நமக்குக் கிடைத்த எழுத்துகளை மட்டும் வைத்துப் பார்த்தால் காதல் பொருள் மூத்தது, தண்ணீர்ப் பொருள் இளையது. சட்ட அறிஞர் ஒருவர் பின்னாளில் சொல்லின் வேரைப் பார்த்துத் தாமாக ஒரு பொருள் கற்பித்துக்கொண்டார் என்று ஏன் சொல்லக் கூடாது? கால வரிசையைப் பொறுத்தவரை இந்த ஆட்சேபம் சரி. ஆனால் எழுத்தில் முதலில் கிடைப்பது பேச்சில் முதலில் பிறந்தது என்று ஆகாது. பிளாட்டுஸ் காலத்து நாடகங்கள் நமக்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்து வாய்க்கால் வழக்குகள் வந்து சேரவில்லை. சொல்லின் அமைப்பே ‘ரிவுஸ்’ மேல் நிற்கிறது, வாய்க்காலோடு தொடர்பில்லாத பொருளுக்கு அந்த வேரிலிருந்து யாரும் சொல் படைத்திருக்க மாட்டார்கள். 1ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, ஓடையில் வாழும் சிறு மீனுக்கு இதே அடைமொழியைத் தருகிறார்; நேர்ப்பொருள் உழவர் வட்டாரத்தில் உயிரோடு இருந்தது என்பதற்கு அது சாட்சி.

இவற்றைவிட வலுவான பதில் அந்த நாடகங்களுக்குள்ளேயே இருக்கிறது. பிளாட்டுஸின் ‘ஸ்டீகுஸ்’ கி.மு. 200இல் அரங்கேறியது. அதில் ஸ்டீகுஸ், சகரினுஸ் என்ற இரண்டு அடிமைகளுக்கும் ஸ்டெஃபானியும் என்ற ஒரே பெண் காதலி. ஸ்டீகுஸ் தங்கள் இருவரையும் ‘ரிவாலேஸ்’ என்று அழைத்துக்கொள்கிறான். அவர்கள் அடித்துக்கொள்ளவே இல்லை. நாடகத்தின் கடைசிப் பகுதி முழுதும் இருவரும் ஒரே கிண்ணத்தில் மாறி மாறிக் குடித்து, அவளோடு சேர்ந்து ஆடுகிற விருந்து. இருவரும் ‘ரிவாலேஸ்’ ஆக இருந்துகொண்டே நேசமாக இருப்பதை அவர்கள் ஓர் அருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவே பூசல் இயல்பு என்ற எண்ணமும் அப்போதே சொல்லில் இருந்தது, பங்கும் இருந்தது. கி.மு. 161இல் டெரன்ஸ் எழுதிய ‘யூனுகுஸ்’ நாடகத்தின் முடிவும் இதைப் போன்றதே. ஃபேத்ரியா என்ற இளைஞனும் திராசோ என்ற படைவீரனும் தாயிஸ் என்ற கணிகையை விரும்புகிறார்கள். திராசோவின் ஒட்டுண்ணியான நாத்தோ இளைஞனிடம் வந்து, இந்த வீரனை ‘ரிவாலிஸ்’ ஆக ஏற்றுக்கொள், செலவு அவனுடையது, அவள் அவனைக் காதலிக்கப்போவதில்லை என்று பேரம் பேசி ஒப்பந்தத்தை முடிக்கிறான். பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்காத இந்த ஏற்பாடு இன்று நம்மைக் கூசச் செய்கிறது. அவளை ஓர் ஊற்றைப் போலப் பாவித்து முறைபோடுகிறார்கள். ஆனால் சொல்லின் வரலாற்றுக்கு இந்தக் கூச்சம்தரும் ஏற்பாடே சான்று. பொருளைப் பங்கிட முடியும் என்று நினைக்கிற சமூகத்தில், ‘ரிவாலிஸ்’ என்பவனை அருகில் ஏற்றுக்கொள்ள முடிந்தது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் கட்டுல்லுஸ், சீசரையும் அவருடைய ஆள் மாமுர்ராவையும் வசைபாடும் கவிதையில், பெண்கள் விஷயத்தில் அவ்விருவரையும் ‘ரிவாலேஸ்’ என்றும் கூட்டாளிகள் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். இரண்டு சொற்களும் ஒன்றையொன்று மறுக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

திருப்பம் அதற்குப் பிறகு வருகிறது. ஒரு தலைமுறை கழித்து எழுதும் புரோபெர்டியுஸ், தம் காதலியிடம் ஜூபிடர் கடவுளே ‘ரிவாலிஸ்’ ஆக வந்தாலும் பொறுக்க மாட்டேன் என்ற உணர்வைப் பாடுகிறார். இலத்தீன் காதல் கவிதையில் காதலி என்பவள் நேரத்தால் பிரிக்கக்கூடிய இன்பமாக இல்லாமல், ஒரே ஒருத்தியாக, முழுதாக வேண்டப்படுகிறவளாக ஆகிறாள். முழுதாக மட்டுமே வேண்டப்படும் ஒன்றின் முன்னால், மற்றவனுடைய பங்கு எவ்வளவு சிறியதானாலும் என்னுடையது முற்றும் கெட்டுவிடுகிறது. மாற்றம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை; ஓவிட் தம் காதற்கலை நூலில் ‘ரிவாலிஸ்’ இருப்பதைப் பொறுத்துக்கொள் என்றே ஆண்களுக்கு அறிவுரை சொல்கிறார். ஆனால் பொறுத்துக்கொள்வது அறிவுரையாகச் சொல்லவேண்டிய கடினமான காரியம் ஆகிவிட்டது என்பதே மாற்றத்தின் அடையாளம். தண்ணீரை மணியால் பிரிக்கலாம். இருவரும் குறைவாகப் பெற்றாலும் இரண்டு வயலும் விளையும். காதலையும், பிறகு அரியணையையும், பதவியையும், முதல் இடத்தையும் அப்படிப் பிரிக்க முடியவில்லை. சொல் பிரிக்கக்கூடிய பொருளிலிருந்து பிரிக்கமுடியாத பொருளுக்குக் குடிபெயர்ந்தபோது, அதிலிருந்த பங்காளி மெல்லக் காணாமல் போனான்.

ஆங்கிலத்தில் நடந்ததைச் சற்று விரைவாகவே சொல்லலாம், ஏனென்றால் பெரும்பாலான வேலை இலத்தீனிலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் அங்கே பழைய பொருள் சிறிது காலம் தலைகாட்டியது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ முதல் காட்சியில் காவலுக்கு நிற்கும் பெர்னார்டோ, தன்னோடு காவல் காக்க வரவேண்டியவர்களைக் குறிக்க ‘ரைவல்’ என்ற சொல்லைச் சொல்கிறான். இரவுக் காவலின் கூட்டாளிகள் என்பது பொருள். 1603இல் வெளியான திருத்தமற்ற முதல் பதிப்பில் அந்த இடத்தில் கூட்டாளி என்பதற்கான ‘பார்ட்னர்’ என்ற சொல்லே இருக்கிறது. அதற்கு அடுத்த பதிப்பிலும் 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பிலும் ‘ரைவல்’. ‘ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா’வில், சக ஆட்சியாளர் லெபிடுஸைப் போரில் பயன்படுத்திக்கொண்ட இளைய சீசர் பிறகு அவருக்குப் பங்காளி நிலையை மறுத்துவிட்டார் என்று செய்தி வரும் இடத்தில், அந்த நிலையைக் குறிப்பது ‘ரைவாலிட்டி’ என்ற சொல். அதே நாடகத்தில் ‘காம்பெட்டிட்டர்’ என்ற சொல்லும் எதிரி என்ற பொருளில் இல்லாமல் ஆட்சியில் இணையான கூட்டாளி என்ற பொருளில் வருகிறது. இதையும் ஒருவர் மறுக்கலாம்: ஆங்கிலேயர் வாய்க்காலில் பாய்ச்சிப் பழகி இச்சொல்லைப் பெறவில்லை, பள்ளியில் படித்த இலத்தீனை வைத்து எழுத்தாளர்கள் செய்த விளையாட்டு இது என்று. நான் இதை ஏற்கிறேன். மழைக்குக் குறைவில்லாத அந்த நாட்டில் முறைத்தண்ணீர் இச்சொல்லுக்கு உயிர் கொடுத்திருக்க முடியாது. ஏட்டிலிருந்து வந்ததாலேயே கூட்டாளிப் பொருளுக்கு அங்கே வேர்பிடிக்க மண் இல்லை. ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தில் ஒரே பெண்ணுக்காக மோதும் இரு இளைஞர்களைக் குறித்த பொருளே நிலைத்தது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் ‘ரைவல்’ என்றால் இன்னொருவர் நாடுவதையே நாடுபவர், காதலில் போட்டியாளர் என்று பொருள் எழுதினார். 1775இல் ஷெரிடன் தம் நகைச்சுவை நாடகத்துக்கு ‘தி ரைவல்ஸ்’ என்று பெயர் வைத்தபோது பார்வையாளர் யாரும் தண்ணீரை நினைத்திருக்கத் தேவையில்லை.

வாய்க்கால் பங்கை நான் இனிமையாகச் சித்திரிக்கிறேன், உண்மையில் தண்ணீருக்காக மண்டை உடைந்திருக்கிறது என்று இன்னோர் ஆட்சேபம் வரலாம். உடைந்திருக்கிறது, பலவந்தம், திருட்டு என்று பிரேட்டரின் ஆணையே பேசுகிறது என்றால் அவை நடந்தன என்றுதான் பொருள். நகரத்துக் குழாய்களில் நீர்ப் பணியாளர்கள் செய்த மோசடிகளைப் பற்றி ஃபுரோன்டினுஸ் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். வலியவன் மடையைத் தன் பக்கம் திறந்துகொள்வான், கடைமடைக்காரன் காய்ந்துபோவான் என்பது எந்த நாட்டுக்கும் புதிதன்று. என் வாதம் சண்டை இல்லை என்பதன்று. சண்டை உறவை அறுக்காமல் உறவுக்குள்ளேயே நடந்தது, அதனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது என்பதே. அடுத்தவனை ஊரைவிட்டே துரத்திவிட்டால், வாய்க்காலில் அவன் பங்குக்கான தூரை யார் வாருவது? சொல்லின் பிறப்பு இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது என்பதும் சரியே. ‘ரைவல்’ என்று இன்று சொல்கிறவர் பங்காளியையே சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போட்டியென்றால் இயல்பிலேயே ஒருவர் அழிவில் மற்றவர் வாழ்வு என்று பேசுவோருக்கு, அந்த நினைப்பு பிந்திவந்தது, குறிப்பிட்ட வகைப் பொருள்களைச் சார்ந்தது என்று இச்சொல்லின் வரலாறு பதில் சொல்கிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொருளியலாளர்கள் இச்சொல்லைத் தம்மையறியாமலே மீண்டும் தண்ணீரிடம் கொண்டுவந்தார்கள். ஒருவர் நுகர்ந்தால் மற்றவருக்குக் குறையும் பொருளுக்கு அவர்கள் ‘ரைவல்’ என்ற அடைமொழி தருகிறார்கள்; வானொலி ஒலிபரப்பு அப்படிப்பட்டதன்று, வாய்க்கால் நீர் அப்படிப்பட்டது. இதில் சொல்லின் ஒரு பாதி மட்டுமே திரும்பிவந்தது. நான் எடுத்தால் உனக்குக் குறையும் என்பது உண்டு. நாம் இருவரும் சேர்ந்தே இதை வைத்திருக்கிறோம் என்பது அந்த அடைமொழியில் இல்லை. விடுபட்ட பாதியைக் களச்சான்றோடு எடுத்துவைத்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். 1990இல் வெளியான ‘கவர்னிங் தி காமன்ஸ்’ நூலில் அவர் விரிவாகப் பேசும் இடங்களில் ஸ்பெயினின் வலென்சியாவும் ஒன்று. 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் வலென்சியாவின் தண்ணீர் நீதிமன்றத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. துரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் உழவர்கள் தமக்குள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர், வியாழக்கிழமை நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் அமர்ந்து, வாய்மொழியாகவே வழக்கைக் கேட்டு அங்கேயே தீர்ப்புச் சொல்கிறார்கள். ரோமானியர் வைத்த முறையே இது என்று சொல்லிவிட முடியாது. அரபு ஆட்சிக் காலத்தின் பங்கு இதில் பெரிது, 1238இல் அந்நகரைக் கைப்பற்றிய அரசர் முதலாம் ஜேம்ஸ், பழைய வழக்கப்படியே தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஆஸ்ட்ரம் கவனித்த செய்தி எளிமையானது. முறை வைத்துப் பாய்ச்சும்போது மடையருகே இருவர் நிற்கிறார்கள். முறை முடிகிறவருக்கு இன்னும் சற்று நேரம் பாய்ச்ச ஆசை. முறை தொடங்குகிறவருக்குச் சற்று முன்பே திறந்துவிட ஆசை. ஏமாற்ற அதிகக் காரணம் உள்ள அதே இருவர்தான், ஏமாற்றைக் கண்டுபிடிக்க அதிகக் காரணம் உள்ளவர்களும். தனியாகச் சம்பளம் கொடுத்துப் பெருங்காவல் வைக்கவேண்டிய செலவு இதனால் மிச்சமாகிறது. இடைக்காலத்தில் பக்கத்து காஸ்தெயோன் ஊரில் வைத்திருந்த அபராதப் பதிவேடுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான குற்றங்கள் இருக்கின்றன. அபராதங்களோ பெரும்பாலும் சிறிய தொகைகள். மீறல் அடிக்கடி நடந்தது, பிடிபட்டது, தண்டிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தண்டனை ஒருவரை வாய்க்காலிலிருந்து வெளியேற்றும் அளவுக்குப் போகவில்லை. வாதிடும் இருவரையும் ஒரே ஆணைக்குள் நிறுத்திய உல்பியனின் சட்டமும், மீறியவரிடம் சில காசுகள் வாங்கிக்கொண்டு அவரை அடுத்த முறைக்கு விட்டுவைத்த காஸ்தெயோன் உழவர்களின் வழக்கமும் ஆயிரம் ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாமல், வாய்க்காலின் தேவையிலிருந்தே பிறந்தவை.